லே, லா பாஸ், முஸ்தாங்: எங்கட ஆறு பேருக்கு எது சரிவரும்?

போன மாசம் எங்கட வாட்ஸ்அப் குரூப்பில ஒருத்தன் ஒரு படம் போட்டான். கண்ணுக்கெட்டின தூரம் தண்ணி, மேலயும் வானம் கீழயும் வானம், நடுவில ஒரு ஜீப், அதுக்குக் கீழ தலைகீழா இன்னொரு ஜீப். பொலிவியாவில இருக்கிற உயூனி உப்புவெளி அது. "மச்சான் அடுத்த டூர் இங்கதான்" எண்டு எழுதியிருந்தான், அதோட தொடங்கினது, மூண்டு கிழமையா விடிய எழும்பி போனைப் பாத்தா மெசேஜ் குவிஞ்சு கிடக்கு, ஒருத்தன் அதே பொலிவியாவில லா பாஸ் எண்டுறான், ஒருத்தன் திரும்பவும் இந்தியாவில லடாக்கில இருக்கிற லே தான் எண்டுறான், எங்கட டீச்சர் மச்சான் நேபாளத்தில முஸ்தாங் பக்கம் போவம் எண்டு ஒவ்வொரு நாளும் ஒரு மெப் அனுப்புறான். கடைசியில எல்லாரும் சேந்து என்னட்ட விட்டிட்டாங்கள், நீ இருந்து வடிவாப் பாத்து ஒரு முடிவு சொல்லு எண்டு. பாத்தன். பாத்ததை விரிவாவே எழுதுறன், கடற்கரையில பிறந்து வளந்து உயர மலை பாக்க ஆசைப்படுற வேற ஆக்களுக்கும் இது உதவும் எண்டுதான்.

நாங்க ஆறு பேர். திருகோணமலை நிலாவெளியில இருந்து புறாத்தீவுக்கு போட் ஓடுற ஒருத்தன், எங்கட பக்கத்து உப்புவெளி ஊரில சின்னதா கெஸ்ட் ஹவுஸ் வச்சிருக்கிற ஒருத்தன், கிண்ணியாவில பேங்கில வேலை செய்யிற ஒருத்தன், டீச்சர் மச்சான், நான், பிறகு டொரோண்டோவில இருந்து வந்து சேருவன் எண்டு நிக்கிற என்ட ஒண்டுவிட்ட தம்பி. எல்லாரும் நாப்பதுக்குக் கிட்ட. ஒருத்தருக்கும் பெரிய வருத்தம் இல்லை, ஆனா ஒருத்தரும் மலையில வளந்த ஆக்களும் இல்லை.

இதை ஏன் முதல்ல சொல்லுறன் எண்டா, எங்கட நாட்டில எவ்வளவு உயரம் ஏறினாலும் இந்தப் பயணத்துக்கு அது பழக்கமா வராது. நுவரெலியா 1,868 மீட்டர். நாட்டிலயே உயரமான பிதுருதலாகல மலை உச்சி 2,524 மீட்டர். லே எயார்போர்ட் இருக்கிறது 3,256 மீட்டரில. அதாவது இலங்கையின்ட உச்சியில ஏறி நிண்டாலும் லேயில பிளைட் இறங்கிற இடத்துக்கு இன்னும் எழுநூறு மீட்டர் கீழதான் நிப்பம். லே டவுன் 3,500 மீட்டர், அங்க காத்தழுத்தம் எங்கட கடற்கரையில இருக்கிறதில மூண்டில ரெண்டு பங்குதான். காத்தில ஒக்சிஜன் வீதம் எல்லா இடமும் ஒண்டுதான், அழுத்தம் குறையக் குறைய ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ள போற அளவு குறைஞ்சு போகுது. 5,300 மீட்டர் தாண்டினா கிட்டத்தட்ட பாதிதான்.

எனக்கு இது புத்தகத்தில படிச்ச விசயம் மட்டுமில்லை. 2023 செப்டம்பரில நாங்க நாலு பேர் லேக்குப் போனம். டெல்லியில இருந்து விடிய பிளைட், ஒண்டேகால் மணித்தியாலத்தில இறங்கியாச்சு, வெயில் பளிச்செண்டு அடிக்குது, குளிர்ந்த காத்து, எல்லாரும் நல்ல சந்தோசம். எங்களுக்கு டூர் ஒழுங்கு பண்ணின ஏஜன்ட், உங்களுக்கு இளம் வயசுதானே ரெஸ்ட் எல்லாம் தேவையில்லை எண்டு சொல்லி அண்டைக்குப் பின்னேரமே சாந்தி ஸ்தூபிக்கு ஏத்தினான், ஐநூறுக்கு மேல படி, நாங்களும் ஏறினம். மேல நிண்டு பாத்தா முழு லேயும் தெரியும், சாம்பல் நிற மலைக்கு நடுவில பச்சையா பொப்ளர் மரங்கள், அந்தப் பக்கம் பழைய அரண்மனை, அந்த வடிவு இப்பவும் கண்ணுக்குள்ள நிக்குது. ராத்திரி பதினொரு மணிக்கு போட் மச்சான் என்னைத் தட்டி எழுப்பினான். கட்டில் விளிம்பில குந்தியிருக்கிறான், போர்வையை ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிச்சபடி, உதடு நீலம் பாஞ்சு போய்க் கிடக்கு, ரெண்டு தரம் சத்தி எடுத்திட்டானாம், தலையிடி மண்டை பிளக்குதாம். இரத்தத்தில ஒக்சிஜன் எத்தினை வீதம் எண்டு காட்டுற, கொரோனா நேரம் வாங்கின ஒக்சிமீட்டர் என்ட பையில கிடந்தது, விரலில போட்டுப் பாத்தன், 71. எனக்கு அப்ப 86. "கடலுக்கடியில நிக்கிற மாதிரி இருக்குடா, மேல வர ஏலாம இருக்கு" எண்டான். அவன்தான் எங்களுக்குள்ள மூச்சடக்கிச் சுழியோடுறதில முதலாவது ஆள், புறாத்தீவில முருகைக்கல்லுக்குள்ள இறங்கினா நாங்க மேல நிண்டு எண்ணிக் களைச்சுப் போவம், அப்பிடிப்பட்டவன்.

அண்டைக்கு ராத்திரியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனம், விடியவிடிய ஒக்சிஜன் குடுத்தினம், நல்லாப் பாத்தினம். பத்து மணிக்குப் பிறகு கொஞ்சம் முகம் தெளிஞ்சுது. பங்கொங் ஏரிக்குப் போற பிளானை விட்டிட்டு, ரெண்டு நாள் ரூமிலயே கிடந்திட்டு, நூப்ரா பள்ளத்தாக்குக்கு மட்டும் போயிட்டு வந்தம். உடம்பு பலமா இருக்கிறதுக்கும் உயரம் பிடிக்காமப் போறதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை எண்டு டொக்டர் சொன்னவர். ஓடுறவன், நீந்துறவன், ஜிம்முக்குப் போறவன் ஆரெண்டாலும் வரும், வந்தா கீழ இறக்கிறதுதான் உண்மையான மருந்து.

அந்த ராத்திரிக்குப் பிறகு எந்த உயர நாட்டைப் பாத்தாலும் எனக்கு முதல் வாற கேள்வி ஒண்டுதான், ஒருத்தனுக்கு ஏலாமப் போனா எந்தப் பக்கத்தால, எவ்வளவு நேரத்தில கீழ இறக்கலாம். வடிவு, செலவு, சாப்பாடு எல்லாம் அதுக்குப் பிறகுதான். மூண்டு இடத்தையும் அந்தக் கண்ணாலதான் பாத்தன்.

லா பாஸில இருந்து தொடங்குறன், ஏனெண்டா உண்மையில எனக்கும் ஆசை அங்கதான். லேயை நாங்க நகரம் எண்டு சொன்னாலும் அது ஒரு பெரிய பஜார் ஊர். உயரத்தில இருக்கிற உண்மையான பெருநகரம் எண்டா லா பாஸ், ஒரு பெரிய கிண்ணத்துக்குள்ள வீடுகளைக் கொட்டி விட்ட மாதிரி ஒரு ஊர், 3,640 மீட்டரில. கிண்ணத்தின்ட விளிம்பில எல் ஆல்டோ எண்டு இன்னொரு நகரம், அது நாலாயிரத்துக்கும் மேல, எயார்போர்ட்டும் அங்கதான். விளிம்புக்கும் அடிக்கும் இடையில சனம் வேலைக்குப் போறதும் வாறதும் கேபிள் காரில. 2014இல முதல் லைன் ஓடத் தொடங்கினது, இப்ப பத்து லைன். எங்கட சனம் பஸ்சில தொங்கிக்கொண்டு போற மாதிரி அங்க ஸ்கூல் பிள்ளையளும் சந்தைக்குப் போற அம்மாமாரும் வானத்தில தொங்கிக்கொண்டு போயினம், பின்னால 6,400 மீட்டருக்கு மேல இல்லிமானி பனிமலை. கீழ போகப் போகக் குளிர் குறையிறதால அங்க காசுக்காரர் பள்ளத்தில இருப்பினம், வசதி குறைஞ்ச சனம் மேட்டில.

உயூனி உப்புவெளி 10,582 சதுர கிலோமீட்டர். எங்கட திருகோணமலை மாவட்டம் முழுக்க 2,727. அப்ப எங்கட மாவட்டத்தைப் போல கிட்டத்தட்ட நாலு மடங்கு, வெள்ளையா, ஒரு மேடு பள்ளம் இல்லாம. ஜனவரி தொடக்கம் மார்ச் வரை மழை பெய்ஞ்சு மெல்லிசாத் தண்ணி நிக்கேக்கதான் அந்தக் கண்ணாடிப் படம் எடுக்கலாம், மே தொடக்கம் ஒக்டோபர் வரை காஞ்சு போய் அறுகோணம் அறுகோணமா வெடிச்ச உப்புத்தரை. அங்க இருந்து தெற்கால ஜீப்பில மூண்டு நாள், ஒரு ஜீப்பில ஆறு பேரும் டிரைவரும், எங்கட எண்ணிக்கைக்குக் கச்சிதம். சிவப்பு நிறத்தில லகுனா கொலராடா ஏரி, பாசியாலதான் அந்த நிறம், அதுக்குள்ள ஃபிளமிங்கோ கூட்டம் கூட்டமா நிக்கும். பிறகு சோல் டி மஞ்ஞானா எண்டு நிலத்தில இருந்து கொதிநீராவி கிளம்புற இடம், 4,850 மீட்டர்.

இந்த இடத்திலதான் எனக்குப் பயம். மூண்டு நாளும் 3,600க்குக் கீழ இறங்கவே மாட்டீங்க. முதல் ராத்திரி உப்புவெளி ஓரம், ரெண்டாம் ராத்திரி அனேகமா லகுனா கொலராடா பக்கம் 4,300 மீட்டர், ஆனி ஆடி மாசத்தில சைபருக்குக் கீழ பதினைஞ்சு வரைக்கும் போற குளிர். ராத்திரி ஒருத்தனுக்கு மூச்சு எடுக்க ஏலாமப் போனா திரும்பி உயூனிக்கு வர பல மணித்தியாலம், வந்தாலும் உயூனியே 3,600க்கு மேல. கெதியா இறங்கிறதுக்கு ஒரே வழி மேற்கால சிலிப் பக்கம், போர்டரில இருந்து ஒரு மணித்தியாலத்துக்குள்ள சான் பெட்ரோ டி அட்டகாமாவுக்கு, 2,400 மீட்டருக்கு இறங்கிடலாம், அந்த ரோட்டு அப்பிடிச் சரிவு. ஆனா அதுக்கு சிலி விசா கையில இருக்கோணும். இலங்கைப் பாஸ்போர்ட்டோட போற எங்களுக்கு, உயிர் தப்புற கதவுக்கு முதலே திறப்பு வாங்கி வச்சிருந்தாத்தான் அது கதவு.

அதுக்காக லா பாஸை ஒதுக்கச் சொல்லேல்ல. போற ஆக்கள் நேரா லா பாஸில இறங்காம, முதல்ல சாண்டா குரூஸில இறங்குங்கோ, அது நானூறு மீட்டர்தான். பிறகு சுக்ரே, 2,800 மீட்டர், வெள்ளைச் சுவர் கட்டிடங்களோட பொலிவியாவின்ட அரசியலமைப்புத் தலைநகரம், நல்ல வெயில், அங்க மூண்டு நாலு நாள் ஆறுதலா இருங்கோ. பிறகு உயூனி, லா பாஸ் கடைசி. லா பாஸிலயும் தெற்குப் பக்கம் பள்ளமான ஏரியாவில ரூம் எடுத்தா படுக்கிற உயரம் முந்நூறு நானூறு மீட்டர் குறையும். இப்பிடிப் போக கொழும்பில இருந்து போற வாற பிளைட்டோட மூண்டு கிழமை வேணும், பிளைட்டே குறைஞ்சது ரெண்டு மூண்டு மாத்தோணும். பத்துப் பன்னிரெண்டு நாள் லீவில லா பாஸ் போறது எண்டது என்ட கணக்கில சரிவராத வேலை, போட்ட காசுக்கு அரைவாசி நாள் தலையிடியோட ரூமுக்குள்ளதான் போகும்.

லேக்கு வருவம். கிட்ட இருக்கு, இந்திய ஈ விசா வீட்டில இருந்தே எடுக்கலாம், டெல்லி போனா அங்க இருந்து ஒரு பிளைட், செலவிலயும் லா பாஸோட ஒப்பிடவே தேவையில்லை. 2019 ஒக்டோபர் 31இல லடாக் தனி யூனியன் பிரதேசமானது, ரோட்டுகள் நல்லா இருக்கு. கிண்ணியா மச்சானுக்கு லே நல்லாப் பிடிச்சுப் போனது, பஜார் நடுவிலயே ஜும்மா பள்ளி, அரண்மனை கட்டின அதே பதினேழாம் நூற்றாண்டில வந்தது, ஹலால் சாப்பாட்டுக்கு ஒரு இடத்திலயும் தேடி அலைய வேண்டி வரேல்ல. மேல கோம்பா எண்டுற புத்த மடத்தில மணிச் சத்தம், கீழ பள்ளியில பாங்கு, எங்கட ஊரில கோணேசர் கோயில் மணியும் பாங்கும் மாதா கோயில் மணியும் சேந்து கேக்கிற மாதிரியே இருக்கு எண்டு அவன் சொன்னது எனக்கு மறக்காது.

நூப்ராவில ஹுண்டர் மணல்மேட்டில ரெண்டு திமில் ஒட்டகம் நிக்கும், பனிமலைக்குக் கீழ மணல், மணலுக்கு நடுவில ஓடை, எங்க நிக்கிறம் எண்டே விளங்காது. பங்கொங் ஏரி 134 கிலோமீட்டர் நீளம், நாங்க பாக்காம விட்டது, 4,250 மீட்டர்.

ஆனா இறங்கிற வழியைப் பாருங்கோ. லேயைச் சுத்தி நல்ல இடங்கள் எல்லாத்துக்கும் போறது பெரிய கணவாயைத் தாண்டித்தான். நூப்ராவுக்கு கர்துங் லா, 5,359 மீட்டர். பங்கொங்குக்கு சாங் லா, அதுவும் 5,360 கிட்ட. நூப்ராவில படுக்கிற இடம் 3,100 மீட்டர், லேயை விடக் குறைவு, அதால அங்க ராத்திரி பெரும்பாலும் சுகமாப் போகும். பங்கொங்கில படுத்து நடுராத்திரி ஒருத்தனுக்குக் கடுமையாகிட்டுது எண்டா, லே ஆஸ்பத்திரிக்கு வாறதுக்கு ஆயிரம் மீட்டருக்கு மேல ஏறித்தான் பிறகு இறங்கோணும். வருத்தக்காரனை ஏத்தி இறக்கிறது எண்டது எவ்வளவு பெரிய விசயம் எண்டு யோசிச்சுப் பாருங்கோ. அதால லே போறவைக்கு நான் சொல்லுறது, முதல் ரெண்டு நாள் முழுசா ரெஸ்ட், ஸ்தூபியும் வேண்டாம் ஷொப்பிங்கும் வேண்டாம், தண்ணியும் சூப்பும் குடிச்சுக் கொண்டு கிடவுங்கோ, சாராயம் பக்கம் போகவே வேண்டாம். மூண்டாம் நாள் நூப்ரா. அங்க ரெண்டு ராத்திரி. பங்கொங் கடைசி, அதுவும் நல்லா இருக்கிற ஆக்கள் மட்டும். கணவாயில போட்டோவுக்கு இறங்கினா கால் மணித்தியாலத்துக்குள்ள திரும்ப வாகனத்தில ஏறுங்கோ.

நேரம் இருந்தா பிளைட்டில லேக்கு இறங்காம ஸ்ரீநகரில இருந்து ரோட்டால போறது இன்னும் நல்லம். ஸ்ரீநகர் 1,600 மீட்டர் கிட்ட, கார்கிலில ஒரு ராத்திரி 2,676 மீட்டர், அடுத்த நாள் லே, உடம்பு படிப்படியாப் பழகும். மனாலி ரோட்டு படங்களில வடிவா இருக்கும், ஆனா அது 5,000 மீட்டருக்கு மேல கணவாய்கள் தாண்டிப் போகுது, நடுவில சர்ச்சுவில படுத்தா 4,300 மீட்டர் கிட்ட, முதல் நாள் ராத்திரியே. கடற்கரை ஆக்களுக்கு அதைச் சொல்ல மாட்டன். ஸ்ரீநகர் பக்கம் போறதெண்டா அந்தந்த நேர நிலவரம் பாத்துத்தான் போகோணும், அது தெரிஞ்ச கதை. இன்னொண்டு, வெளிநாட்டுக்காரருக்கு நூப்ரா, பங்கொங் ரெண்டுக்கும் தனி பெர்மிட், பதிவு செய்த ஏஜன்ட் மூலமாத்தான், குறைஞ்சது ரெண்டு பேராவது சேந்து போகோணும். இலங்கைப் பாஸ்போர்ட் எண்டு முதலே சொல்லி, பெர்மிட் எத்தினை நாளில வரும் எண்டு எழுத்தில வாங்கிட்டுக் காசு கட்டுங்கோ. வேற மாநிலத்தில எடுத்த ப்ரீபெய்ட் சிம் லடாக்கில வேலை செய்யாது, வீட்டில சொல்லிட்டுப் போங்கோ, இல்லாட்டி அம்மாமார் பயந்திடுவினம்.

இனி டீச்சர் மச்சான்ட முஸ்தாங். நான் முதல்ல இதைப் பெரிசா எடுக்கேல்ல. நேபாளம் எண்டா காத்மண்டு, அது 1,400 மீட்டர்தான், உயர நகரம் எண்டு சொல்ல ஏலாது. ஆனா அவன் அனுப்பின மெப்பை நான் விரலால ஒவ்வொரு ஊரா உயரம் பாத்துக்கொண்டு போகப் போக விசயம் விளங்கினது. பொக்காரா 800 மீட்டர் சொச்சம். தாதோபானி 1,190. மார்பா 2,670. ஜொம்சொம் 2,720. காக்பேனி 2,800. முக்திநாத் ஊர் 3,710, கோயில் அதுக்கும் கொஞ்சம் மேல. பெரும்பாலும் ஒரு ஆத்தங்கரையோட போற ஒரே ரோட்டு, ஏணிப்படி மாதிரி, நடுவில உயரமான கணவாய் ஒண்டும் இல்லை. எந்தப் படியில ஒருத்தனுக்கு ஏலாமப் போனாலும் வாகனத்தைத் திருப்பினா இறக்கம்தான். முக்திநாத்தில தலையிடி வந்தா ஒரு மணித்தியாலத்துக்குக் கிட்ட காக்பேனியில நிக்கலாம், தொளாயிரம் மீட்டர் கீழ. இதைப் பாத்தாப் பிறகு எனக்கு மற்ற ரெண்டிலயும் மனம் பெரிசாப் போகேல்ல.

அந்த ஆறு காளி கண்டகி. ஒரு பக்கம் தவுலகிரி 8,167 மீட்டர், மற்றப் பக்கம் அன்னபூர்ணா 8,091, ரெண்டுக்கும் நடுவால ஆறு ஓடுது, நாங்க அந்தப் பள்ளத்துக்கால போவம். சாளக்கிராமக் கல்லு கிடைக்கிறது இந்த ஆத்திலதான், கோடிக்கணக்கான வருசத்துக்கு முதல் கடலுக்குள்ள இருந்த அம்மோனைட் எண்ட உயிரினத்தின்ட சுவடு அந்தக் கல்லுக்குள்ள சுருள் சுருளா இருக்கும். இமயமலை ஒரு காலம் கடல் அடியில இருந்ததுக்குச் சாட்சி. சங்கும் சிப்பியும் பொறுக்கி விளையாடின எங்களுக்கு அதைக் கையில எடுத்துப் பாக்கிறதே ஒரு பெரிய விசயம். முக்திநாத் 108 திவ்விய தேசம் எண்டுற விஷ்ணு தலங்களில ஒண்டு, கோயிலுக்குப் பின்னால அரை வட்டமா 108 தண்ணித் தாரை, ஐஸ் மாதிரிக் குளிர், ஒவ்வொண்டுக்குக் கீழயும் தலையைக் குடுத்து ஓடுவினம். புத்த சனமும் அதே இடத்தில கும்பிடுகினம். என்ட அம்மா இதைக் கேட்ட நாளில இருந்து, போனாத் தீர்த்தம் கொண்டு வா எண்டு சொல்லிக்கொண்டு இருக்கிறா. தாதோபானி எண்டாலே சுடுதண்ணி எண்டுதான் அர்த்தம், ஆத்தங்கரையில வெந்நீர் ஊற்று இருக்கு, எங்கட கன்னியாவில ஏழு கிணத்திலயும் வாளியால அள்ளி ஊத்துற மாதிரி இல்லாம, தொட்டிக்குள்ள கழுத்தளவு இறங்கி இருக்கலாம்.

முஸ்தாங்கில குறை இல்லாம இல்லை. லே பஜார் மாதிரி, லா பாஸ் மாதிரி ராத்திரி வெளிக்கிட்டுச் சுத்தி வர ஒரு நகரம் மேல இல்லை, எல்லாம் சின்னச் சின்னக் கல்லு வீட்டு ஊர்கள், பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு அடுப்படியில குந்தியிருந்து கதைக்கிறதுதான். ரோட்டு சில இடத்தில சரியான மோசம், இடுப்பு நோகும். பத்துப் பதினொரு மணிக்குப் பிறகு அந்தப் பள்ளத்தாக்கில காத்து அடிக்கத் தொடங்கும், சும்மா காத்தில்லை, எங்கட ஆனி மாசக் கச்சான் மண்ணை அள்ளி முகத்தில எறியிற மாதிரி, அதாலதான் ஜொம்சொம் பிளைட் எல்லாம் விடியக் காலமையோட முடியும். காக்பேனிக்கு அங்கால மேல் முஸ்தாங், லோ மந்தாங் வரைக்கும் போகத் தனி பெர்மிட், டொலரில பெரிய காசு, அதை நாங்க யோசிக்கேல்ல. ஹலால் இறைச்சி அங்க கஷ்டம், கிண்ணியா மச்சான் பருப்பும் சோறும் மரக்கறியும் போதும் எண்டிட்டான், தால் பாத் கேக்கக் கேக்கத் திரும்பப் போடுவினம். ஒரு விசயம், 3,600 மீட்டருக்கு மேல தண்ணி 88 பாகையிலயே கொதிச்சிடும், அதால சோறு குக்கரில வச்சாத்தான் வேகும். இது மூண்டு இடத்துக்கும் பொருந்தும், அரை வேக்காட்டுச் சோத்தைத் திண்டிட்டு வயித்துக் குத்தை உயர வருத்தம் எண்டு பயப்பட வேண்டாம்.

பாஸ்போர்ட் கணக்கிலயும் நேபாளம்தான் முன்னுக்கு. சார்க் நாட்டுக்காரர் எண்டபடியா வருசத்தில முதல் தரம் 30 நாள் விசா எங்களுக்கு இலவசம், எயார்போர்ட்டிலயே. அன்னபூர்ணா பக்கம் போற அனுமதிக்கு எங்களுக்கு ஆயிரம் நேபாள ரூபா, கனடாத் தம்பிக்கு மூவாயிரம், அவனுக்கு விசாவும் காசு கட்டித்தான்.

எல்லாத்தையும் விட எங்கட ஊருக்கெண்டு ஒரு சிக்கல் இருக்கு, வேற ஊர்க்காரருக்கு இது விளங்காது. லேக்குப் போக நல்ல காலம் ஆனி தொடக்கம் ஒக்டோபர் நடுப்பகுதி வரை. எங்கட திருகோணமலை சீசன் மே தொடக்கம் செப்டம்பர். கடல் அமைதியா இருக்கிற அந்த அஞ்சு மாசத்திலதான் போட் மச்சானும் கெஸ்ட் ஹவுஸ் மச்சானும் வருசம் முழுக்கச் சாப்பிடுற காசை உழைக்கிறாங்கள். ஒரு கிழமை போட் கரையில நிண்டா லோன் கட்டுறது எப்பிடி. 2023இலயும் செப்டம்பர் கடைசியில, கஸ்டமர் குறைஞ்ச நேரமாப் பாத்து, அதுவும் அண்ணன்ட கையில போட்டை விட்டிட்டுத்தான் அவன் வந்தவன், ராத்திரி ஆஸ்பத்திரியில ஒக்சிஜன் மாஸ்க்கோட கிடந்து அவன் கேட்ட முதல் கேள்வி, இண்டைக்கு எத்தினை ட்ரிப் ஓடினதாம் எண்டு. நேபாளத்தில மழை ஒக்டோபர் தொடக்கத்தோட முடியும், ஒக்டோபரும் நவம்பரும் வானம் கண்ணாடி மாதிரி இருக்கும், எங்களுக்கு அதே நேரம் வாடைக் காத்து தொடங்கி, கடல் குழம்பி, போட் எல்லாம் கரையில ஏத்திக் கிடக்கும். இதுக்கு மேல பொருத்தம் பாக்க என்ன இருக்கு. உயூனியில தண்ணி நிக்கிற ஜனவரி தொடக்கம் மார்ச்சும் எங்களுக்கு ஓய்வான காலம்தான், அதுக்காகத்தான் அதை நான் மனசில இருந்து அழிக்கேல்ல, ஆனா டீச்சருக்கு அப்ப மூண்டு கிழமை லீவு கிடையாது.

அப்ப முடிவு, முஸ்தாங், நவம்பர் முதல் கிழமை, பன்னிரெண்டு நாள். லா பாஸ் கேட்ட தம்பிக்கு கோபம் இருக்கும், அவனுக்கு டொரோண்டோவில இருந்து அதுதான் வசதி, எனக்குத் தெரியும். ஆனா ஆறு பேரில நாலு பேர் மூண்டு கிழமை வர ஏலாது. லே எண்டு நிண்டது போட் மச்சான், பாக்காம விட்ட பங்கொங்குக்காக. அவனோட நான் தனியாக் கதைச்சன், கரையில வலை பிரிச்சுக்கொண்டு இருந்தான், தலை நிமிராமலே கேட்டுக்கொண்டு இருந்திட்டு, இறக்கம் மட்டும்தானே, ஏத்தம் இல்லையே எண்டு ரெண்டு தரம் கேட்டான். இல்லை எண்டன். சரி எண்டான்.

போகேக்க நாள் கணக்கு இப்பிடி. காத்மண்டுவில ரெண்டு ராத்திரி, பொக்காராவில ஒண்டு. தாதோபானியில ஒண்டு, மார்பாவில ஒண்டு, பிறகு காக்பேனியில மூண்டு ராத்திரி. முக்திநாத்தில படுக்கிறேல்ல, விடிய ஏறிக் கும்பிட்டு பின்னேரத்துக்கு முதல் காக்பேனிக்கு இறங்கிறது. 3,000 மீட்டருக்கு மேல போனா ஒரு ராத்திரிக்கு படுக்கிற உயரத்தை ஐநூறு மீட்டருக்கு மேல கூட்டக் கூடாது எண்டது பொதுவான விதி, காக்பேனியில இருந்து முக்திநாத் தொளாயிரம் கூட, அதால ஏறிப் பாத்திட்டு இறங்கிப் படுக்கிறது நல்லம். ஜீப் ஒண்டை முழுப் பயணத்துக்கும் எங்களோடயே நிக்கிற மாதிரி பிடிக்கோணும், ஆளுக்கு இவ்வளவு எண்டு ஏத்துற ஷேர் ஜீப் மலிவுதான், ஆனா நடுராத்திரி திருப்பச் சொல்ல ஏலாது. அந்த ஒரு செலவில மட்டும் நான் குறைக்க விடமாட்டன்.

உயர வருத்தம் வராமப் போடுற டயமொக்ஸ் குளிசை வேணுமோ எண்டு போறதுக்கு ரெண்டு கிழமைக்கு முதல் எல்லாரும் தங்கட டொக்டரிட்ட போய்க் கேளுங்கோ, பார்மசியில சும்மா வாங்கிப் போட வேண்டாம். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாத ஆள் எங்களுக்குள்ள ஒருத்தன் இருக்கிறான், அவனுக்கு டொக்டர் என்ன சொல்லுறார் எண்டது எனக்கும் தெரிஞ்சிருக்கோணும். தலையிடி வந்தா மறைக்கிறேல்ல, மற்றவன்ட பயணம் கெட்டுப் போகும் எண்டு வாயைப் பொத்திக்கொண்டு இருக்கிறதுதான் ஆபத்து, 2023இல அவனும் பின்னேரம் நாலு மணியில இருந்தே தலையிடியை மறைச்சு வச்சிருந்தவன். நடக்கேக்க தள்ளாடினாலோ, சும்மா இருக்கேக்கயே மூச்சு வாங்கினாலோ, கதை குழறினாலோ அந்த நிமிசமே ஜீப்பைத் திருப்புறது, வாக்குவாதம் இல்லை. காலையும் ராத்திரியும் ஆறு பேற்ற விரலிலயும் ஒக்சிமீட்டர் போட்டு நான் கொப்பியில எழுதுவன். அது பழசு, பற்றரி மூடி உடைஞ்சு டேப் ஒட்டித்தான் நிக்குது, உப்புவெளி மச்சான் கொழும்புக்குப் போகேக்க புதுசு ரெண்டு வாங்கிக்கொண்டு வாறன் எண்டிருக்கிறான்.